கர்கூப்ரி: ஸ்காட்லாந்தின் ஓவியர் ஊருக்குப் போய்வர ஒரு வழிகாட்டி

ஸ்காட்லாந்தின் தென்மேற்கு ஓரத்தில், டீ ஆறு கடலைத் தொடும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கிறது கர்கூப்ரி. மூவாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஊர். நூறு வருடத்துக்கும் மேலாக ஓவியர்கள் வந்து தங்கி வரைந்த இடம் என்பதால் 'ஓவியர்களின் ஊர்' என்றே அதைச் சொல்கிறார்கள். கிளாஸ்கோவிலும் எடின்பரோவிலும் உள்ள பெரிய ஓவியக்கூடங்களுக்குப் போவதில் சிரமமே இல்லை. வருடத்தின் பெரும்பாலான நாட்கள் திறந்திருக்கும், பக்கத்திலேயே பஸ் நிற்கும். இங்கே அப்படியில்லை. ஓவியங்கள் ஒரே கட்டடத்தில் இல்லாமல் ஊர் முழுக்கப் பரவியிருக்கின்றன. கவுன்சில் நடத்தும் கேலரி ஒன்று, அறக்கட்டளை பராமரிக்கும் ஓவியர் வீடு ஒன்று, துறைமுகத்தோரம் ஒரு சிறு குடில், தனியார் கேலரிகள், ஓவியர்களின் வேலைக்கூடங்கள் என்று ஒவ்வொரு கதவும் தன் இஷ்டத்துக்குத் திறக்கும், மூடும்.

குடும்பத்தோடு போகத் திட்டமிட்டபோது எனக்குத் தகவல்கள் துண்டு துண்டாகத்தான் கிடைத்தன. பஸ் நேரம் ஓரிடத்தில், கேலரி நேரம் இன்னோரிடத்தில், எந்த அட்டை எங்கே செல்லும் என்பது மூன்றாவது இடத்தில். அங்கே போன பிறகு, ஒரு சிறிய கேலரியின் வாசலில் எழுதியிருந்த நேரத்துக்கே போய் நின்றும் கதவு திறக்கவில்லை. அம்மாவை மழையில் நிற்க வைத்த வருத்தம் இன்னும் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் அப்படி நிற்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. எழுத்துக்கூட்டிப் படித்தால் 'கிர்க்குட்பிரைட்' என்று வரும். ஊர்க்காரர்கள் சொல்வது கர்கூப்ரி. பஸ் ஓட்டுநரிடம் அப்படியே சொல்லுங்கள். இணையத்தில் தேடும்போது மட்டும் கே, ஐ, ஆர், கே, சி, யு, டி, பி, ஆர், ஐ, ஜி, எச், டி என்று முழுசாகத் தட்ட வேண்டும். காதில் விழுந்ததை வைத்து எழுதினால் சரியான பக்கம் வராமல் போகலாம்.

1. ஊரை முடிவு செய்ததும் தேதியைப் பிடியுங்கள்

டிக்கெட், அறை எல்லாம் அப்புறம். முதலில் மாதம். இந்த ஊரைப் பொறுத்தவரை பாதி வேலை இதில்தான் இருக்கிறது.

ஏப்ரல் முதல் அக்டோபர் வரைதான் நல்ல காலம். ஊரின் முக்கியமான இடமான ப்ரௌட்டன் ஹவுஸ் இந்த மாதங்களில்தான் பார்வையாளர்களுக்குத் திறக்கிறது. நவம்பரில் போனால் கவுன்சில் கேலரியையும் சில தனியார் கேலரிகளையும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கும். டிசம்பரில் பகல் ஏழு மணி நேரம்தான். நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். ஜூன் பிற்பாதியிலோ பதினேழு மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் இருக்கும். கேலரிகள் மாலை மூடிய பிறகும் தெருக்களையும் துறைமுகத்தையும் நிதானமாகச் சுற்றலாம்.

கலைக்கென்றே ஒதுக்கிய சில நாட்களும் உண்டு. ஒன்று, மே மாதக் கடைசித் திங்கட்கிழமை விடுமுறையை ஒட்டிய வார இறுதியில் நடக்கும் 'ஸ்ப்ரிங் ஃப்ளிங்'. டம்ஃப்ரீஸ் அண்ட் காலவே பகுதி முழுக்க ஓவியர்களும் கைவினைஞர்களும் தங்கள் வேலைக்கூடங்களைத் திறந்துவைப்பார்கள். அனுமதி இலவசம். ஆனால் கூடங்கள் மைல் கணக்கில் தள்ளித் தள்ளி இருக்கும். கார் இல்லாமல் இதற்குப் போனால் நாளுக்கு ஓரிரு இடம் பார்ப்பதே பெரிய விஷயம்.

இன்னொன்று, ஜூலை முடிவு, ஆகஸ்ட் தொடக்கத்தையொட்டி நடக்கும் கர்கூப்ரியின் சொந்தக் கலை, கைவினைச் சுற்று. இது ஊருக்குள்ளேயே நடப்பது. வீட்டு வரவேற்பறை, கார் ஷெட், தோட்டத்துக் கொட்டகை எல்லாம் சில நாட்களுக்குக் கண்காட்சியாக மாறிவிடும். வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தே பார்த்துவிடலாம். கார் இல்லாதவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். ஓவியரிடமே நின்று பேசலாம், பிரஷ் எப்படிப் பிடிக்கிறார் என்று குழந்தைகளுக்குக் காட்டலாம். ஒரே சங்கடம், அந்த நாட்களில் அறை கிடைப்பது கஷ்டம். தேதி வெளியானதும் பதிவு செய்துவிடுங்கள்.

லண்டன், பர்மிங்காம் பக்கமிருந்து வருபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆகஸ்ட் வங்கி விடுமுறை இங்கிலாந்தில் மாதத்தின் கடைசித் திங்கள். ஸ்காட்லாந்தில் முதல் திங்கள். பள்ளி விடுமுறையும் இங்கே ஜூன் கடைசியில் தொடங்கி ஆகஸ்ட் நடுவில் முடிந்துவிடும். இங்கிலாந்து நாட்காட்டியை வைத்துக் கூட்டத்தைக் கணக்குப் போடாதீர்கள்.

வாரத்தில் எந்த நாள் என்று கேட்டால், புதன் முதல் சனி வரை என்பேன். சின்ன தனியார் கேலரிகள் ஞாயிறு, திங்களில் மூடியிருப்பது சகஜம். ஞாயிறன்று பஸ்ஸும் குறைவு.

2. எந்தெந்தக் கதவுகள் என்று பட்டியல் போடுங்கள்

ஊரின் நடுவே, செயின்ட் மேரி ஸ்ட்ரீட்டில், பழைய நகர மண்டபக் கட்டடத்தில் இருப்பது கர்கூப்ரி கேலரீஸ். 2018இல் திறந்தது. ஊரில் வாழ்ந்த ஓவியர்களின் படைப்புகள் நிரந்தரமாக இங்கே இருக்கின்றன. வெளியிலிருந்து வரும் கண்காட்சிகளும் நடக்கும். நிரந்தரத் தொகுப்பைப் பார்க்கக் கட்டணம் கிடையாது, கோடைக்காலப் பெரிய கண்காட்சிக்கு மட்டும் தனிச் சீட்டு இருக்கலாம். லிஃப்ட் இருக்கிறது, கழிவறை இருக்கிறது, காபி குடிக்க இடம் இருக்கிறது. முட்டி வலிக்காரர்களோடு போனால் உங்கள் நாளை இங்கிருந்து தொடங்குங்கள்.

அடுத்தது ஹை ஸ்ட்ரீட்டில் உள்ள ப்ரௌட்டன் ஹவுஸ். இதற்கு அவசரப்படாமல் நேரம் ஒதுக்குங்கள். இரண்டு மணி நேரமாவது வேண்டும். 'கிளாஸ்கோ பாய்ஸ்' எனப்படும் ஓவியர் குழுவைச் சேர்ந்த ஈ. ஏ. ஹார்னெல் 1901இல் வாங்கி, 1933இல் இறக்கும்வரை வாழ்ந்த வீடு. அவர் படங்கள் மாட்டிய கேலரி, வரைந்த அறை, புத்தகங்கள், பின்னால் ஆற்றை நோக்கி இறங்கும் ஜப்பானியச் சாயல் கொண்ட தோட்டம் எல்லாம் ஒரே வளாகத்தில். கேலரிச் சுவரின் மேற்பகுதியில் ஓடும் சுதைச் சிற்ப வரிசையைப் பார்க்காமல் வராதீர்கள். ஏதென்ஸின் பார்த்தினான் கோயில் சிற்பங்களின் வார்ப்பு அது. படங்களை எட்ட நின்றும் பாருங்கள், கிட்டப் போயும் பாருங்கள். தூரத்தில் பூவும் சிறுமியுமாகத் தெரிவது, கிட்டப் போனால் தடித்த வண்ணத் திட்டுகளாக மாறும். நம்மவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஹார்னெல் 1907இல் சிலோனுக்குப் போயிருக்கிறார். வரைவதற்கு உதவியாகப் புகைப்படங்களைச் சேர்த்து வைக்கும் பழக்கம் அவருக்கு. சிலோன், ஜப்பான், பர்மா படங்கள் அந்தச் சேகரிப்பில் உண்டு. எல்லாமே எப்போதும் பார்வைக்கு வைத்திருக்க மாட்டார்கள். அறையில் இருக்கும் வழிகாட்டியிடம் "சிலோன் பயணம் சம்பந்தமாக இப்போது ஏதாவது வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். கேட்பவர்களுக்கு ஆர்வத்தோடு சொல்கிறார்கள்.

துறைமுகத்தோரம் மெக்லெல்லன்ஸ் கோட்டைக்குப் பக்கத்தில் வெள்ளையடித்த சின்னக் கட்டடம் ஒன்று இருக்கும். அதுதான் ஹார்பர் காட்டேஜ் கேலரி. இடித்துத் தள்ளப்பட இருந்த குடிலைக் காப்பாற்றி, 1957இல் கேலரியாகத் திறந்தார்கள். கண்காட்சிகள் மாறிக்கொண்டே இருக்கும். ஒன்று முடிந்து அடுத்ததை மாட்டும் நாட்களில் கதவு பூட்டியிருக்கும். போவதற்கு முந்தின நாள் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவற்றைத் தவிர செயின்ட் மேரி ஸ்ட்ரீட்டிலும் ஹை ஸ்ட்ரீட்டிலும் தனியார் கேலரிகள் உண்டு. உள்ளே போகக் காசு கிடையாது. வாங்கியாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தயங்கி வாசலிலேயே நிற்காமல், ஒரு வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே போங்கள். ஹை ஸ்ட்ரீட்டில் வாஸ்ப்ஸ் அமைப்பு ஓவியர்களுக்கு வாடகைக்கு விடும் வேலைக்கூடங்களும் இருக்கின்றன. அவை கடைகள் அல்ல. திறந்த நாள் என்று அறிவித்தால் மட்டும் போகலாம்.

அதே தெருவில் 'கிரீன்கேட்' என்ற வீடு. படவரைஞர் ஜெஸ்ஸி எம். கிங்கும் கணவர் ஈ. ஏ. டெய்லரும் வாழ்ந்தது. பக்கத்துச் சந்தில் இருந்த சிறு வீடுகளில் பெண் ஓவியர்கள் பலர் தங்கி வேலை செய்தார்கள். வெளியே நின்று பார்த்துக்கொள்ளலாம். உள்ளே குடியிருப்பவர்கள் இருக்கிறார்கள்; திறந்திருக்கும் கேட்டைத் தள்ளிக்கொண்டு போய்விடாதீர்கள்.

3. ஆவணங்கள்

நீங்கள் ஏற்கெனவே பிரிட்டனில் படிப்பவரோ வேலை செய்பவரோ என்றால் ஸ்காட்லாந்துக்கென்று தனியாக எதுவும் தேவையில்லை. ரயிலிலோ காரிலோ எல்லைச் சோதனை கிடையாது. உள்நாட்டு விமானமென்றால் மட்டும் புகைப்பட அடையாள அட்டை கேட்பார்கள்.

நம் ஊரிலிருந்து அப்பா அம்மாவை வரவழைத்து அழைத்துப்போவதாக இருந்தால், இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்குப் பார்வையாளர் விசா வேண்டும். பிரிட்டன் முழுமைக்கும் ஒரே விசாதான். ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசாவை வைத்துக்கொண்டு இங்கே வர முடியாது. ஆறு மாத விசாவின் கட்டணம் 2025 ஏப்ரலில் 127 பவுண்ட் ஆனது. ஏப்ரல் மாதங்களில் கட்டணம் ஏறுவது வழக்கம், அதனால் கட்டுமுன் அரசு தளத்தில் அன்றைய தொகையைப் பாருங்கள். பயணத் தேதிக்கு மூன்று மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கைரேகை கொடுத்த பிறகு முடிவு வரப் பொதுவாக மூன்று வாரம். கோடையில் கூட்டம் அதிகம் என்பதால் இரண்டு மாதமாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர்கள் தரப்பில் வங்கிக் கணக்கு விவரம், ஓய்வூதியம் அல்லது சொத்துச் சான்று. உங்கள் தரப்பில் அழைப்புக் கடிதம், உங்கள் குடியுரிமை அல்லது விசா நிலைக்கான ஆதாரம், அவர்கள் தங்கப்போகும் முகவரி, உறவைக் காட்டும் சான்றிதழ். இங்கே பலர் சிக்குவது சான்றிதழில்தான். தமிழில் மட்டும் இருக்கும் எந்த ஆவணத்துக்கும், மொழிபெயர்ப்பாளர் கையொப்பமிட்டுச் சான்றளித்த ஆங்கில வடிவத்தைச் சேர்த்தே ஆக வேண்டும். விசா மையத்தில் குறுஞ்செய்தி, தனி வரிசை, ஓய்வறை என்று விருப்பச் சேவைகளை அடுக்குவார்கள். அவை இல்லாமலும் விண்ணப்பம் போகும்.

சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு விசா வேண்டாம். ஈ.டி.ஏ. என்ற மின் அனுமதி போதும். 2025 ஏப்ரலில் அதன் கட்டணம் 16 பவுண்டாக இருந்தது. அரசின் செயலியிலோ தளத்திலோ நேரடியாகச் செய்யுங்கள். தேடினால் முதலில் வந்து நிற்கும் இடைத்தரகர் தளங்கள் இதைவிடப் பல மடங்கு வாங்கும்.

ஸ்காட்லாந்தில் வசிக்கும் 22 வயதுக்குட்பட்ட எல்லோருக்கும், 60 வயது ஆனவர்களுக்கும் பஸ் பயணம் இலவசம். வெளிநாட்டு மாணவராக இருந்தாலும் ஸ்காட்லாந்தில் குடியிருந்தால் போதும். அதற்கு தேசிய உரிமை அட்டை (நேஷனல் என்டைட்டில்மென்ட் கார்டு) கையில் இருக்க வேண்டும். விண்ணப்பத்துக்கு அடையாளம், முகவரி, வயது ஆகியவற்றுக்கான சான்று, ஒரு புகைப்படம். அட்டை தபாலில் வரும் என்பதால் போகிற வாரத்தில் விண்ணப்பித்துப் பயனில்லை. இங்கிலாந்தில் கொடுத்த முதியோர் பஸ் அட்டை இங்கே செல்லாது. ஊரிலிருந்து பார்வையாளராக வந்த அப்பாவுக்கு எழுபது வயதானாலும் சீட்டு எடுக்கத்தான் வேண்டும்.

4. போய்ச் சேரும் வழி

கர்கூப்ரிக்கு ரயில் இல்லை. 1965இலேயே நிறுத்திவிட்டார்கள். கிட்டத்தில் இருக்கும் வசதியான நிலையம் டம்ஃப்ரீஸ், சுமார் 45 கிலோமீட்டர்.

கிளாஸ்கோ சென்ட்ரலிலிருந்து டம்ஃப்ரீஸுக்கு நேரடி ரயில் இருக்கிறது, ஏறக்குறைய இரண்டு மணி நேரம். லண்டனிலிருந்து வருபவர்கள் யூஸ்டனில் ஏறி, கார்லைலில் இறங்கி, அங்கிருந்து டம்ஃப்ரீஸுக்கு மாற வேண்டும். எடின்பரோவிலிருந்து நேரடி ரயில் கிடையாது. கார்லைல் வழியாகச் சுற்றலாம், அல்லது பஸ். லண்டன் டிக்கெட்டை முன்பதிவு திறந்த உடனே எடுத்தால் மலிவு, கடைசி நாளில் எடுத்தால் கண்ணைக் கட்டும். ஸ்காட்ரெயில் 2025 செப்டம்பரிலிருந்து நெரிசல் நேரக் கூடுதல் கட்டணத்தை எடுத்துவிட்டது, அதனால் கிளாஸ்கோவிலிருந்து காலை ரயிலுக்கும் அதே விலைதான். குடும்பமாகவோ இருவராகவோ போகிறவர்கள் ரயில் சலுகை அட்டை வாங்குங்கள்: வருடத்துக்கு 35 பவுண்ட், பெரியவர் டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு குறையும். லண்டனிலிருந்து இருவர் போய்த் திரும்பினாலே அட்டைக் காசு பெரும்பாலும் வந்துவிடும்.

டம்ஃப்ரீஸிலிருந்து காசில் டக்ளஸ் வழியாக பஸ். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இந்தப் பகுதியில் பஸ் நிறுவனங்களும் தடங்களும் மாறிக்கொண்டே இருப்பதால் பழைய பயணக் குறிப்புகளில் உள்ள எண்களையும் நேரங்களையும் நம்ப வேண்டாம். டிராவல்லைன் ஸ்காட்லாந்து தளத்தில் நீங்கள் போகும் தேதியைப் போட்டுத் தேடுங்கள். முதலில் பார்க்க வேண்டியது திரும்பும் கடைசி பஸ்ஸை. மாலை சீக்கிரமே முடிந்துவிடும். அதைத் தவறவிட்டால் டாக்சிதான், அதுவும் சிற்றூரில் உடனே கிடைக்காது. ரயில் வந்து சேருவதற்கும் பஸ் புறப்படுவதற்கும் நடுவே அரை மணி நேரமாவது விடுங்கள். டம்ஃப்ரீஸ் ரயில் நிலையமும் பஸ் நிற்கும் இடமும் ஒன்றல்ல. இங்கிலாந்தில் இருக்கும் 3 பவுண்ட் பஸ் கட்டண உச்சவரம்பு ஸ்காட்லாந்துக்குக் கிடையாது என்பதையும் மறக்காதீர்கள்.

காரில் போனால் கிளாஸ்கோவிலிருந்து இரண்டு, இரண்டரை மணி நேரம். டம்ஃப்ரீஸுக்கு அப்புறம் ஏ75 சாலை. அயர்லாந்துக் கப்பலுக்குப் போகும் லாரிகள் வரிசையாகப் போகும் சாலை இது. ஸ்காட்லாந்தின் இருவழிச் சாலைகளில் கனரக லாரிகளுக்கு உச்ச வேகம் கார்களைவிடக் குறைவு. பின்னால் மாட்டினால் முந்த அவசரப்படாதீர்கள். அரை மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொண்டு கிளம்புங்கள். இந்திய, இலங்கை உரிமத்தில் பன்னிரண்டு மாதம் வரை ஓட்டலாம். வாடகை கார் எடுக்க அசல் உரிமம், கடவுச்சீட்டு, ஓட்டுநர் பெயரிலேயே உள்ள கிரெடிட் கார்டு மூன்றும் வேண்டும். டெபிட் கார்டை மட்டும் எடுத்துக்கொண்டு போய் நின்றால் பல இடங்களில் சாவி தர மாட்டார்கள். பன்னிரண்டு வயது அல்லது 135 சென்டிமீட்டர் உயரம், இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை குழந்தைக்குத் தனி இருக்கை கட்டாயம்.

5. சீட்டும் உறுப்பினர் அட்டையும்

நிறைய பேர் குழம்புவது இங்கே. ஸ்காட்லாந்தில் பழைய வீடுகளையும் கோட்டைகளையும் பராமரிக்கும், பெயர் கேட்டால் ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு அமைப்புகள் இருக்கின்றன. ப்ரௌட்டன் ஹவுஸ், நேஷனல் டிரஸ்ட் ஃபார் ஸ்காட்லாந்துக்குச் சொந்தம். ஊரின் நடுவில் நிற்கும் மெக்லெல்லன்ஸ் கோட்டை, ஹிஸ்டாரிக் என்விரான்மென்ட் ஸ்காட்லாந்தின் பொறுப்பு. எடின்பரோ கோட்டைக்காக வாங்கிய உறுப்பினர் அட்டை இந்த இரண்டாவது அமைப்புடையது. அதை ப்ரௌட்டன் ஹவுஸில் காட்டினால் செல்லாது.

இங்கிலாந்தின் நேஷனல் டிரஸ்ட் உறுப்பினராக இருந்தால் ப்ரௌட்டன் ஹவுஸுக்குச் சீட்டு வாங்க வேண்டாம், அட்டை போதும். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துக்கொள்கின்றன. இங்கிலிஷ் ஹெரிடேஜ் அட்டைக்கு அந்த உரிமை இல்லை. வேறெங்கும் போகாமல் இந்த ஒரு வீட்டைத்தான் பார்க்கப்போகிறீர்கள் என்றால் உறுப்பினராகச் சேருவது நஷ்டம், சீட்டே எடுங்கள். காசில் டக்ளஸ் பக்கத்தில் உள்ள த்ரீவ் தோட்டமும் இதே டிரஸ்ட்டுடையதுதான். அதையும், வருடத்துக்குள் இன்னும் சில இடங்களையும் பார்ப்பதாக இருந்தால் குடும்ப உறுப்பினர் அட்டை லாபம்.

ஊரில் பெரும்பாலும் கார்டு செல்லும். இருந்தாலும் சிறு கண்காட்சிகளுக்கும், நன்கொடைப் பெட்டிகளுக்கும், வீட்டில் வைத்து விற்கும் ஓவியர்களுக்கும் கொஞ்சம் நோட்டும் சில்லறையும் வைத்திருங்கள். மீதியாக ஸ்காட்டிஷ் வங்கி நோட்டு கிடைத்தால் அங்கேயே செலவழித்துவிடுவது நல்லது. லண்டன் கடைகளில் சிலர் அதை வாங்கத் தயங்குவார்கள்.

6. அன்றைய நாளின் வரிசை

காலை பத்து, பத்தரைக்கு ஊருக்குள் இருக்கப் பாருங்கள். முதலில் கர்கூப்ரி கேலரீஸ். யார் யார் இங்கே வாழ்ந்தார்கள், எந்தத் தெருவை வரைந்தார்கள் என்பது அங்கே பிடிபடும். பிறகு தெருவில் நடக்கும்போது ஒவ்வொரு சந்தும் படத்தில் பார்த்த சந்தாகத் தெரியும். வரிசையை மாற்றினால் இந்த அனுபவம் கிடைக்காது. ஊரின் வரைபடத்தையும் அங்கேயே கேட்டு வாங்குங்கள். விசிட் ஸ்காட்லாந்து தன் சுற்றுலாத் தகவல் மையங்களை மூடும் முடிவை 2024இல் அறிவித்துவிட்டது, ஆகவே 'தகவல் மையத்தில் கேட்டுக்கொள்ளலாம்' என்று எழுதியிருக்கும் பழைய குறிப்புகளை விட்டுவிடுங்கள்.

சாப்பாட்டை மதியம் பன்னிரண்டரைக்கே முடித்துக்கொள்ளுங்கள். சிற்றூர்ச் சமையலறைகள் இரண்டு மணிக்கு மூடிவிடுவது சாதாரணம். இரவிலும் எட்டு மணிக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். சைவம் சாப்பிடுபவர்களுக்கு சூப், சீஸ் சாண்ட்விச், வேகவைத்த உருளைக்கிழங்கு என்று ஏதாவது கிடைக்கும். சூப்பில் இறைச்சிச் சாறு சேர்த்திருக்கிறார்களா என்று மட்டும் கேளுங்கள். பெரியவர்களுக்குக் கையில் தயிர்சாதமோ புளியோதரையோ எடுத்துப்போவது உத்தமம். துறைமுகச் சதுக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட இடம் உண்டு.

சாப்பிட்டதும் ப்ரௌட்டன் ஹவுஸ். மூடும் நேரத்துக்கு முன்பே கடைசி அனுமதியை நிறுத்திவிடுவார்கள் என்பதால் இதைப் பிற்பகல் முடிவுக்குத் தள்ள வேண்டாம். பழைய வீடு என்பதால் படிகளும் இருக்கும். சக்கர நாற்காலியோடு வருபவர்கள் முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். மழை வரும்போல் இருந்தால் தோட்டத்தை முதலில் பாருங்கள். ஈரக் குடை, முதுகுப்பை இரண்டையும் வாசலில் வைக்கச் சொல்வார்கள், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பிறகு ஹை ஸ்ட்ரீட். 'எல்' வடிவத்தில் வளையும் தெரு இது. பழைய சிறைக்கட்டடமான டோல்பூத், கிரீன்கேட் எல்லாம் இதில்தான். நிதானமாக நடந்து துறைமுகத்துக்கு வந்தால் ஹார்பர் காட்டேஜ் கேலரி. கடல் ஏற்ற இறக்கம் இங்கே மிக அதிகம். நீர் வடிந்திருக்கும் நேரத்தில் போனால் வெறும் சேறுதான் தெரியும், ஏறியிருக்கும் நேரத்தில் படகுகள் மிதக்கும். ஓவியங்களில் இரண்டுமே உண்டு. படகோடு படம் எடுக்க ஆசையிருந்தால் ஓத அட்டவணையைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள்.

புகைப்படம் எடுக்கும் விஷயத்தில் ஒரே விதி: கேட்டுவிட்டு எடுங்கள். கவுன்சில் கேலரியிலும் ப்ரௌட்டன் ஹவுஸிலும் ஃப்ளாஷைத் தவிருங்கள். தனியார் கேலரியில் உயிரோடிருக்கும் ஓவியரின் படத்தை நேராகப் பிடித்து எடுப்பதைப் பலர் விரும்புவதில்லை, பதிப்புரிமை அவர்களுடையது.

7. ஒரு இரவு தங்குவதா?

பஸ்ஸில் வருபவர்கள் கட்டாயம் தங்குங்கள். கிளாஸ்கோவிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பினால் பாதிப் பொழுது பயணத்திலேயே போய்விடும். ஊருக்குள் அறை கிடைக்காவிட்டால் பதினாறு கிலோமீட்டர் தள்ளி காசில் டக்ளஸ் இருக்கிறது. பஸ் வரும் வழிதான். செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கத்தில் விக்டவுன் புத்தகத் திருவிழா நடக்கும். அந்த நாட்களில் சுற்றுவட்டாரம் முழுக்க அறைகள் நிரம்பும்.

தனி வீடோ அறையோ இணையத்தில் எடுத்தால் விளம்பரத்தில் உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்காட்லாந்தில் குறுகிய கால வாடகை வீடுகளுக்கு உள்ளூர் கவுன்சிலின் உரிமம் கட்டாயம், அந்த எண்ணை விளம்பரத்தில் போட வேண்டும். எண் இல்லாத இடத்துக்கு முன்பணம் கட்டாதீர்கள்.

8. ஓவியம் வாங்குவதென்றால்

வாழ்த்தட்டை சில பவுண்டுகளில் கிடைக்கும். அச்சுப்படங்கள் அதற்கு மேல். அசல் ஓவியம் பெரும்பாலும் நூறுகளில். இந்த ஊரில் ஒரு அசல் படம் வாங்குவது ஒரு ஓவியர் அங்கே தொடர்ந்து வாழ்வதற்கு நேரடியாக உதவுகிறது. முடிந்தால் சின்னதாக ஒன்றாவது வாங்குங்கள் என்று மனதாரச் சொல்வேன்.

படத்தின் பக்கத்தில் சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தால் விற்றுவிட்டது என்று பொருள். சந்தையில் போல் பேரம் பேச வேண்டாம். சட்டம் (ஃப்ரேம்) இல்லாமல் தர முடியுமா, அதற்கு விலை குறையுமா என்று கேட்கலாம்.

பெரிய பொறி ஒன்று இருக்கிறது. கண்காட்சியில் உள்ள படத்துக்குப் பணம் கட்டினாலும், கண்காட்சி முடியும்வரை அது சுவரிலேயே இருக்கும். அடுத்த வாரம் விமானம் ஏறும் அப்பா அம்மாவுக்கு இது ஒத்துவராது. பணம் கட்டுமுன் "இன்றே எடுத்துப்போகலாமா?" என்று கேளுங்கள். முடியாதென்றால் தபாலில் அனுப்ப எவ்வளவு, காப்பீடு உண்டா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

முழுத் தொகையும் கையில் இல்லையா? 'ஓன் ஆர்ட்' என்ற திட்டத்தில் சேர்ந்த கேலரிகளில் 100 முதல் 2,500 பவுண்ட் வரையிலான தொகையை வட்டியில்லாமல் பத்து மாதத் தவணையில் கட்டலாம். பதினெட்டு வயதாகி, பிரிட்டனில் வசிப்பவராகவும் இங்கே வங்கிக் கணக்கு உள்ளவராகவும் இருக்க வேண்டும். கடன் தகுதியும் பார்ப்பார்கள். வந்து ஓரிரு மாதமே ஆனவர்களுக்கு மறுக்கப்படலாம். அடையாள அட்டை, முகவரிச் சான்று, வங்கி அட்டை மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

நம் ஊருக்குக் கொண்டுபோவதாக இருந்தால் ரசீதில் ஓவியர் பெயர், படத்தின் பெயர், ஆண்டு, விலை நான்கும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். சுங்கத்தில் அதைத்தான் கேட்பார்கள். இப்போது வாழும் ஓவியர் புதிதாக வரைந்த படத்துக்கு ஏற்றுமதி உரிமம் தேவைப்படாது. ஐம்பது வருடத்துக்கு மேற்பட்ட பழைய படம் என்றால் விற்பவரிடம் உரிமம் பற்றிக் கேட்டே ஆக வேண்டும். விமான நிலையத்தில் வாட் வரியைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஸ்காட்லாந்து, இங்கிலாந்து, வேல்ஸ் மூன்றிலும் சுற்றுலாப் பயணிகளுக்கான அந்தச் சலுகை 2021 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. கண்ணாடி போட்ட சட்டத்தைக் கழற்றிவிட்டு, காகித ஓவியமென்றால் இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவில் வைத்துக் கைப்பையோடு எடுத்துப்போங்கள். சரக்குப் பெட்டியில் போடாதீர்கள்.